பின்பாட்டுக்கு ஒரு பெண்

மார்ச் 3

எழுத்தாளர் அம்மாவுக்கு,

நான்கு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. பாடகி வெண்கலத்தைப் பற்றி நீ எழுதிய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், படித்தவர்கள் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம் என்று முகவரி போட்டிருக்கிறாய். அதனால் வாசகி என்ற முறையில் எழுதுகிறேன். அக்கா என்ற முறையில் எழுதினால் தாள் தீப்பிடித்துக்கொள்ளும்.

நான் காசு கொடுத்து வாங்கவில்லை, அந்தச் சந்தோஷம் உனக்கு வேண்டாம். எங்கள் சலவைக்கூடத்தில் அது கை மாறி வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, நீராவி உருளையில் விட்டு, மடித்து அனுப்பும் இடம் இது. ஒரு விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்தால்தான் மடிக்க முடியும். என் எதிரே நின்று மடிப்பவள்தான் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மடித்துக்கொண்டே தினம் ஓர் அத்தியாயம் கதை சொல்வாள். நான் யார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

அவள் கருத்து: "புருஷன் விட்டுட்டுப் போயும் அந்தம்மா அசரலையே! நானா இருந்தா மூலைல உக்காந்து அழுதிருப்பேன்."

நீராவி உருளைக்காரி: "நூறு பக்கமா இதுல ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிடலையே. எழுதினவங்களுக்குப் பசியே எடுக்காதா?"

மேற்பார்வையாளர்: "படம் கம்மி. அட்டைல மூக்கு சரியா விழல."

இனி என் கருத்து. பக்கம் எண்பத்தெட்டு. வெண்கலத்தின் குழுவைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆர்மோனியத்துக்கு ஒருவர், மேளத்துக்கு இருவர், "பின்பாட்டுக்கு ஒரு பெண்ணும் இருந்தார்." அவ்வளவுதான். ஆர்மோனியக்காரருக்கு அவருடைய மூக்குப்பொடி டப்பாவோடு சேர்த்து மூன்று பக்கம். வெண்கலம் ஓர் அடி பாட, அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடி, பன்னிரண்டு வருடம் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தவளுக்கு அரை வரி. அந்த ஒரு பெண் உன் கூடப் பிறந்தவள். ஒரே போர்வையை இழுத்துப் பிடித்துச் சண்டை போட்டு உன்னோடு தூங்கியவள்.

பேட்டி தரமாட்டேன் என்று நான் கதவைச் சாத்தியது உண்மை. கதவைச் சாத்தினால் வீட்டுக்குள் ஆளே இல்லை என்று எழுதிவிடுவாயா?

மற்றபடி அச்சு நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பெண்


மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பதிப்பகத்தில் பிரித்து, மேலே சிவப்பு மையில் 64 என்று எண் போட்டு, வாசகர் கடிதக் கட்டில் சேர்த்து எனக்கு அனுப்பினார்கள். கையெழுத்தைப் பார்த்ததும் கட்டிலிருந்து அதை மட்டும் உருவி எடுத்தேன். முதல் வரியைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது.

நான் உன் வீட்டுக்கு மூன்று தடவை வந்தேன். மூன்றாவது தடவை மழை. "செத்துப் போனவங்களைக் கிண்டிக் கிளறாதே, போ"ன்னு ஜன்னல் வழியாகச் சொன்னாய். ஒரு துண்டுகூட நீட்டவில்லை. அதற்குப் பிறகு உன்னைப் பற்றி நான் என்னத்தை எழுதுவது? உள்ளதைச் சொன்னால் வெட்கமாகவும் இருந்தது. வெண்கலத்தைப் பற்றி எழுதுகிறவளிடம் தன் சொந்த அக்காவே பேசவில்லை என்று நாலு பேருக்குத் தெரிந்தால் என் மானம் என்ன ஆவது? அதனால் அரை வரியில் தாண்டிவிட்டேன். தப்புதான். ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

இப்போது ஒரு வேலை விஷயம். முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது. ஏப்ரல் முப்பதாம் தேதி இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. பின்னிணைப்பாக வாசகர் கருத்துகளையும் போடப்போகிறார்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் ஒரே அத்தியாயத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். "காதைத் தொட்ட கை." பாடும்போது உச்சத்தில் வெண்கலம் வலது உள்ளங்கையைக் காதில் வைத்துக்கொள்வாளே, அது சின்ன வயதில் சுருதி தப்பினால் காதைத் திருகிய அத்தைக்கு அவள் செய்த மரியாதை என்று எழுதியிருந்தேன். சொன்னவர் ஆர்மோனியக்காரர். அவரும் இப்போது இல்லை. "படித்துவிட்டு என் அத்தைக்குப் போன் செய்தேன்" என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

ஆனால் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"நாற்காலி கிடைக்காமல் மேடைப் படிக்கட்டை ஒட்டிப் பக்கவாட்டில் நின்றே பல கச்சேரி பார்த்தவன் நான். முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அந்த அம்மாவின் முழங்கைதான் தெரியும். எனக்கு வாய் தெரியும். காதைத் தொட்ட நேரத்தில் அந்த வாய் மூடியிருந்தது. பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. பக்கம் 143-ல் இதற்கு விளக்கம் இல்லை. தயவுசெய்து விளக்கவும்."

கிறுக்கு என்று ஒதுக்கிவைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு எடுத்து மறுபடி படித்தேன். நீ அங்கேயே இருந்தவள். இது என்ன?

தங்கை


மார்ச் 18

வாயாடிக்கு,

மழையில் நனைந்தாய் என்று இத்தனை நாள் கழித்துச் சொல்கிறாய். அன்று நீ தெருமுனை திரும்பிய பிறகு நான் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். நீதான் வேகமாக நடப்பவளாயிற்றே. திரும்பி வந்துவிட்டேன்.

கண்டக்டருக்குக் கண் பரிசோதனைக்கு வழி சொல்.

ஆர்மோனியக்காரர் உன் காதில் அழகாகப் பூச்சுற்றியிருக்கிறார். நீயும் வாங்கி வைத்துக்கொண்டு ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த அத்தையை நான் பார்த்திருக்கிறேன். தன் மேல் ஈ உட்கார்ந்தால்கூட விரட்டமாட்டாள். அவளாவது, காதைத் திருகுவதாவது! படித்த அன்று சிரிப்பை அடக்க முடியாமல் விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எதிரே நின்றவள் நான் அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னாள்.

அதற்கு மேல் என்னைக் கேட்காதே. சொல்லமாட்டேன் என்று ஒருத்திக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். நான் கதவைச் சாத்தியதற்கும் அதுதான் காரணம். உன்னை உள்ளே விட்டிருந்தால், நீ கேட்கிற கேள்விக்கு அரை மணி நேரத்தில் கக்கியிருப்பேன். உன் வேலையே அதுதானே.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. உருளைக்காரி சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அக்கா


மார்ச் 29

அக்கா,

கண்டக்டரைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியே போடாமல் பேப்பர் படிக்கிறார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் காதில் வைத்து, முழங்கையை முன்னால் நீட்டிக் காட்டினார். முன்னால் இருந்து பார்த்தால் வாய் தெரியவில்லை. பக்கவாட்டுக்குப் போனால் தெரிகிறது. அவ்வளவு சுலபமான விஷயம். எனக்கு நான்கு வருடம் தோன்றவில்லை.

அலுவலகத்துக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு வெண்கலத்தின் பேர்போன இசைத்தட்டைப் போட்டேன். கிணறு வெட்டுகிறவர்கள் பாட்டு. ஆழத்தில் ஒருத்தன், மேலே ஒருத்தி, நடுவில் கயிறு. மூன்றாம் அடியில் "கயித்த விடாதே"ன்னு ஓங்கிப் போகுமே, அந்த இடம். ஊர் உலகமே அழுத இடம். "வெண்கலத்தின் சிகரம்" என்று நான் எழுதிய இடம்.

நம் வீட்டு மாடியில் நின்று தெருவில் விளையாடுகிற என்னை "சாப்பிட வாடீ"ன்னு கூப்பிடுவாயே. அந்த நீட்டலின் முடிவில் குரல் ஒரு நூல் மேலே ஏறி நிற்கும். "விடாதே" முடிகிற இடத்தில் அதே ஏற்றம். மறுபடி போட்டேன். மறுபடியும். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன், அக்கா. இருநூறு தடவை கேட்டு எழுதிய பாட்டு. என் கூடப் பிறந்தவளின் குரல் எனக்குத் தெரியவில்லை.

நீதானா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்.

நீ சரி சொல்லாமல் ஒரு வார்த்தை அச்சில் வராது. சொல்லமாட்டேன் என்றால், காரணம் சொல்லாமல் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன். பொய் என்று தெரிந்த பிறகு என்னால் அதை விட்டுவைக்க முடியாது.

தங்கை


ஏப்ரல் 4

விரிப்பு எண்ணிக்கைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், வேறு தாள் இல்லை.

ஆமாம்.

அச்சில் வர வேண்டாம். அத்தியாயத்தை எடுத்துவிடு. கண்டக்டருக்கு ஏதாவது சொல்லிச் சமாளி.

இருநூறு தடவை கேட்டும் உனக்கே தெரியவில்லையா? அழாதே, அசடே. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் என் வேலையே. வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறேன் என்று இன்றுதான் எனக்கு ஒருத்தர் சொல்லியிருக்கிறார்.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நீ சொன்னபடியே அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். இது உன்னை வற்புறுத்த அல்ல. ஆனால் எழுபத்தொன்றாம் எண் கடிதத்தை உனக்குக் காட்டாமல் இருந்தால் எனக்கு மனசு கேட்காது. நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்:

"வணக்கம். நான் ஒரு சின்னக் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறேன். இரண்டு வருடமாக மூச்சு இளைப்பு. மூன்று அடி பாடினால் நெஞ்சை அடைக்கிறது. வெண்கலம் அம்மா கடைசி மேடை வரைக்கும் ஒரு மூச்சுகூடக் குறையாமல் பாடினார்கள் என்று உங்கள் புத்தகத்தில் படித்தேன். எனக்கு ஒரு தெளிவு வந்தது. அவர்கள் பாடகி. நான் இல்லை. அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன். நல்ல புத்தகம். நன்றி."

இதற்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

தங்கை


ஏப்ரல் 17

வாயாடி,

கடிதத்தை மடிக்கிற மேசையிலேயே பிரித்துவிட்டேன். "நல்ல புத்தகம். நன்றி." என்ற இடத்தில் கையிலிருந்த முனைகளை விட்டுவிட்டேன். விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. மேற்பார்வையாளர் கத்தினார். கத்தட்டும் என்று வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

எழுதிக்கொள்.

நான் குழுவில் சேர்ந்த ஐந்தாவது வருடம். ஒரு மேடையில் பாட்டின் நடுவில் அவளுக்கு மூச்சு நின்றது. தலை சுற்றியது, காதுக்குள் இரைந்தது, கை தானாகக் காதுக்குப் போனது. அடி பாதியில் தொங்கியது. நான் யோசிக்கவே இல்லை, எடுத்துவிட்டேன். அவள் குரலை அத்தனை வருடம் பின்னாலிருந்து குடித்தவள் நான். முகவாயைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் அந்தக் கணீர் எனக்கு வந்துவிடும். அவள் கையை இறக்கியதும் திருப்பிக் கொடுத்தேன். கூட்டம் கைதட்டியது. முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள். என் சீட்டு கிழிந்தது என்றுதான் போனேன்.

"நான் காதைத் தொட்டா எடுத்துக்கோ. கையை இறக்கினா குடுத்துடு. உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும்" என்றாள். பிறகு, "இந்த மூச்சு போச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் கூப்பிட மாட்டான். நம்ம எல்லாருக்கும் சோறு இதுலதான். சத்தியம் பண்ணு" என்றாள். செய்தேன். ஆர்மோனியக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் கதை கட்டித் தள்ளியதும் அதற்காகத்தான், பாவம்.

முதலில் ஒரு பாட்டுக்கு ஓர் அடி. போகப் போக மூன்று, நான்கு. கடைசியில் பாதிப் பாட்டு. ஏழு வருடம். ஒருநாள்கூட எனக்கு வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். கைதட்டலைக் கேட்கும்போது எரியும். ஆனால் அவள் அடுத்த அடிக்காகத் தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சைச் சேர்ப்பதைப் பின்னாலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அதைப் பார்த்த பிறகு எரிச்சல் தங்காது.

இசைத்தட்டுப் பதிவு நடந்த காலை, டாக்டர் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். வந்தாள். மூன்றாம் அடியில் காதைத் தொட்டாள். கையை இறக்கவே இல்லை. அங்கிருந்து முழுதும் நான்தான். பதிவுக்கூடத்து ஆள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, "அம்மா, இப்படி நீங்க பாடினதே இல்லம்மா" என்றார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமா. நானும் கேட்டதே இல்ல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் விரிப்பு மடிக்கிறேன்.

அவள் சத்தியம் கேட்டது பயத்தில். அவள் போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது, பயத்தை மட்டும் நான் பத்திரமாகக் காப்பாற்றிவந்தேன். அது இப்போது யாரோ ஒருத்தியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நீ பாடகி இல்லை என்கிறது. வெண்கலம் இதைப் படித்திருந்தால் என்னை ஒரு வாங்கு வாங்கியிருப்பாள். சத்தியத்தை மீறியதற்கு மேலே போன பிறகு திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பாடகிக்கு நேற்றே நேராக எழுதிவிட்டேன். நகலில் முகவரி இருந்தது. உன் அனுமதி கேட்கவில்லை. "உன் பின்னாலே யார் பாடுகிறார்கள்? அவரிடம் காதைத் தொட்டுக் காட்டு" என்று எழுதினேன்.

நீ அத்தியாயத்தைத் திரும்பப் போடு, சரியாக. ஒன்று மட்டும். அவள் ஏமாற்றினாள் என்று ஒரு வரி எழுதினாலும் உன் அலுவலக வாசலில் வந்து நின்று கத்துவேன். மூச்சே இல்லாமல் ஏழு வருடம் மேடையை விடாதவள் என்று எழுது. அதுதான் நடந்தது.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

எழுதி முடித்துக் கொடுத்துவிட்டேன். அத்தியாயம் பதினெட்டுப் பக்கம் ஆகிவிட்டது. பதிப்பாளர் முணுமுணுத்தார். படித்த பிறகு முணுமுணுக்கவில்லை. பின்னிணைப்பில் முதல் கடிதமாகக் கண்டக்டருடையதைப் போட்டிருக்கிறேன். பக்கம் எண்பத்தெட்டில் உன் முழுப் பெயர் இருக்கிறது. ஆர்மோனியக்காரரின் மூக்குப்பொடியைக் குறைத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், எழுத வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மூன்று தடவை உன் வீட்டுக்கு வந்தேன் என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா? மூன்று தடவையும் பேட்டிக்குத்தான் வந்தேன். சும்மா அக்காவைப் பார்க்க ஒரு தடவைகூட வரவில்லை. நோட்டும் பேனாவும் இல்லாமல் வந்திருந்தால் கதவைத் திறந்திருப்பாய். அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ஜூன் எட்டாம் தேதி, சாயங்காலம் நாலு மணிக்கு நூலகத்தில் வாசகர் கூட்டம். நீ வந்து பேச வேண்டும் என்று கேட்கிறார்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை. வா.

தங்கை


ஜூன் 1

வாயாடிக்கு,

புத்தகம் வந்தது. இந்தத் தடவை நானே மேசையில் கொண்டுபோய் வைத்து, பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். எதிரே நிற்பவள் படித்துவிட்டு விரிப்பை வெடுக்வெடுக்கென்று இழுத்து மடித்தாள். ஆறு விரிப்பு மடித்த பிறகு, "உங்கிட்டயே உன் கதையைச் சொல்லிட்டிருந்தேனேடி, வாயைத் திறந்தியா நீ?" என்று விரிப்பாலேயே அடித்தாள். பிறகு பாடு பாடு என்று பிடித்துக்கொண்டார்கள். உருளை இரைச்சலுக்கு மேலே பாடினேன். குரல் முன்னைப் போல இல்லை. ஆனால் இருக்கிறது. மேற்பார்வையாளரின் கருத்து: "உங்க படம் ஒண்ணு போட்டிருக்கலாம்."

ஏமாந்துவிட்டோம் என்று எழுதிய வாசகரின் கடிதத்தையும் அனுப்பியிருந்தாய். அவர் கோபம் நியாயம்தான். காசு கொடுத்துக் கேட்டவர். கூட்டத்துக்கு வரச் சொல், நேரில் பேசிக்கொள்கிறேன்.

எழுபத்தொன்றாம் கடிதக்காரியிடமிருந்து பதில் வந்தது. நிறுத்தவில்லை. அவளுக்குப் பின்பாட்டு பாடுவது அவள் நாத்தனார். இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம், பாட்டு மட்டும்தானாம். "காதைத் தொடறது கஷ்டமா இல்லைங்க, அதுக்கு முன்னாடி அவகிட்ட வாய் திறந்து கேக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு" என்று எழுதியிருக்கிறாள். கேட்டிருக்கிறாள். நாத்தனார் உடனே, "இத்தனை நாள் ஏன் கேக்கல?"ன்னு அழுதிருக்கிறாள். போன வாரம் முழுப் பாட்டு பாடினார்களாம். இளைப்புக்கு டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போகிறாளாம்.

எட்டாம் தேதி வருகிறேன். இரண்டரை மணி பஸ். துண்டு ஒன்று எடுத்துவருகிறேன், மழை வந்தாலும் வரும்.

ஆனால் பயமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடமும் ஒருத்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டே மேடையில் இருந்தவள் நான். கூட்டத்தின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதனால் ஓர் ஏற்பாடு. உன் நாற்காலியை என் இடது தோளுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் போட்டுக்கொள். பேச்சு வராமல் நின்றுவிட்டேன் என்றால் காதைத் தொடுவேன். நீ எடுத்துக்கொள்.

கையை இறக்கினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உன் வாய் அவ்வளவு சுலபமாக நிற்காது, அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அக்கா